கேற்றர்ஹாம் பெட்டியா, எவரி வானா, பழைய மார்ச்சா: வன்னியில் இருந்து போடும் கணக்கு

இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி வருகிறது. கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ கராஜ் வைத்திருக்கும் ஒருவர், லண்டனில் அண்ணன், கையில் கொஞ்சம் காசு, இரண்டு பேருக்கும் சின்ன வயதிலிருந்தே கார் பைத்தியம். கூரை இல்லாத, ஐந்நூறு கிலோவுக்குள் நிற்கிற ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வேண்டும், அதைத் தாங்களே பூட்டவேண்டும், பூட்டியதை ரேஸ் தளத்தில் ஓட்டவேண்டும். எந்த வழியால் போவது? நான்கு வழி இருக்கிறது: இங்கிலாந்தின் கேற்றர்ஹாம் காரைப் பாகப் பெட்டிகளாக இங்கே இறக்குவது, அதே காரை லண்டனிலேயே வைத்திருப்பது, சுசுக்கி எவரி வானைக் கழற்றி இங்கே கட்டுவது, பழைய நிசான் மார்ச்சை ரேஸுக்கு மாற்றுவது. ஆனால் நான்கையும் ஒரே தராசில் வைத்தால் கணக்குப் பிழைத்துவிடும். காரை வைத்திருப்பது ஒரு ஆசை, கட்டுவது இன்னொரு ஆசை, ஓட்டுவது மூன்றாவது. மூன்றும் ஒரே ஆளுக்கு இருக்கலாம். காசு மூன்றுக்கும் போதாது, வன்னியில் இருக்கிறவருக்கு மூன்றும் ஒரே இடத்தில் கிடைப்பதும் இல்லை. எது முதலில் என்று நீங்கள் முடிவெடுத்தால்தான் வழி தெரியும்.

முதலில் பாரத்தைப் பற்றிப் பேசுவோம், ஏனென்றால் எல்லாம் அதில்தான் இருக்கிறது. கொலின் சப்மன் 1957-இல் வெளியிட்ட லோட்டஸ் செவன்தான் இந்த வகைக் கார்களுக்கெல்லாம் தாய். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் முழுதாகப் பூட்டிய காருக்குக் கொள்வனவு வரி இருந்தது, பாகங்களாக வாங்கினால் இல்லை. அதனால் ஆட்கள் பெட்டிகளாக வாங்கி வீட்டில் பூட்டினார்கள். 1973-இல் வரி முறை மாறி அந்தச் சலுகை போய்விட்டது, அதே ஆண்டில் செவனைத் தயாரிக்கும் உரிமை கேற்றர்ஹாம் நிறுவனத்துக்குப் போனது, ஆனால் வீட்டில் பூட்டும் பழக்கம் மட்டும் இன்றுவரை நிற்கிறது. 2021-இல் வந்த செவன் 170-ஐ எடுங்கள். 660 சிசி, மூன்று சிலிண்டர், ரேர்போ வைத்த சுசுக்கி எஞ்சின், 84 குதிரைவலு, மொத்த எடை 440 கிலோ. நின்ற இடத்தில் இருந்து மணிக்கு 96 கிலோமீற்றரை ஏழு விநாடிக்குள் தொடும்.

அந்த எஞ்சின் ஆர்06ஏ என்ற குடும்பம். ஏ9 வீதியில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள், அதே குடும்ப எஞ்சினோடு எத்தனை வாகன்ஆர் போகிறது என்று. 170-இன் சாதாரண ரயர் அளவு 155/65 ஆர்14, அதுவும் வாகன்ஆருக்குப் போடுகிற அளவுதான். வாகன்ஆருக்கு ஏறக்குறைய 780 கிலோ எடை, 52 குதிரைவலு. ஒரு தொன்னுக்கு 67 குதிரைவலு வருகிறது. செவன் 170-க்கு 191 வருகிறது. எஞ்சின் பெரிதாகி வந்த வித்தியாசம் இல்லை இது, கொஞ்சம் ரேர்போவால் வந்தது, அதைவிடக் கூட, பாதிக்குக் கிட்ட இரும்பைக் கழற்றியதால் வந்தது. நம்மைப் போல உதிரிப்பாகக் கடைக்கு முந்நூறு கிலோமீற்றர் போகவேண்டியவர்களுக்குப் பாரம் குறைவது இன்னொரு வகையில் முக்கியம்: பிறேக் பாட் தேயாது, ரயர் தேயாது, பெற்றோல் குடிக்காது, ஒரு பாகம் உடைந்தாலும் சின்னப் பாகமாகத்தான் உடையும்.

சரி, முதல் வழி. கேற்றர்ஹாம் பெட்டியை லண்டனில் வாங்கி கொழும்புத் துறைமுகத்துக்கு அனுப்புவது. எல்லோருக்கும் முதலில் வருகிற யோசனை இதுதான், நான் கடைசியில் வைக்கிற யோசனையும் இதுதான். 2020-இல் நிறுத்திய தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரி முதலாம் திகதி திறந்தது உண்மை. ஆனால் திறந்த கதவால் வருவது தீர்வையோடு வருகிறது, அந்தத் தீர்வை காரின் விலையையே விழுங்கும் அளவு. அதற்குமேல் இது கப்பலில் முழுக் காராக வருகிறதா, பாகங்களாக வருகிறதா என்பதைச் சுங்கம் எப்படிப் பார்க்கும், பூட்டி முடித்த பிறகு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் எண்தகடு கொடுக்குமா என்ற இரண்டு கேள்விக்கும் பதில் எழுத்தில் கையில் இருக்கவேண்டும். "அதெல்லாம் பார்த்துச் செய்யலாம் அண்ணை" என்று ஒருவர் வாயால் சொன்னதை நம்பி இருபதாயிரம் பவுணைக் கப்பலில் ஏற்றக்கூடாது. 170-இன் பெட்டி விலையே அறிமுகமான ஆண்டில் 22,990 பவுணில் தொடங்கியது. எழுத்தில் பதில் வந்து, தீர்வையும் கட்ட வசதி இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள், உலகத்திலேயே நன்றாகச் செப்பனிடப்பட்ட வடிவமைப்பு உங்கள் முற்றத்தில் நிற்கும். மற்றவர்கள் அந்தக் காசை வேறு மூன்று வழியில் செலவழித்தால் மூன்று மடங்கு மகிழ்ச்சி கிடைக்கும்.

இரண்டாவது வழி, காரை அங்கேயே வைத்திருப்பது. அண்ணன் ஹரோவிலோ ஈஸ்ற்ஹாமிலோ ஒற்றைக் கார் நிற்கும் கராஜ் உள்ள வீட்டில் இருந்தால் போதும். பெட்டிகள் வரும்போது சட்டகம் வெல்டிங் முடிந்து, அலுமினியத் தகடு அடித்து வரும். வெட்டி ஒட்டும் வேலை கிடையாது, எல்லாம் போல்ற்றும் நட்டும். எஞ்சினையும் கியர் பொக்ஸையும் ஒன்றாகப் பூட்டி, சின்னக் கிரேனில் தூக்கி, முன்னால் இருந்து சரித்து இறக்குவதுதான் கஷ்டமான கட்டம், அதற்கு மட்டும் இரண்டு பேர் வேண்டும். வார இறுதிகளில் வேலை செய்கிற ஒருவர் ஒரு குளிர்காலத்துக்குள் முடித்துவிடலாம். பிறகு ஐவிஏ என்ற தனிவாகனப் பரிசோதனை. அதில் கூர்முனைக்குக்கூட அளவு உண்டு, உடம்பு படக்கூடிய விளிம்பு 2.5 மில்லிமீற்றர் ஆரத்துக்கு உருண்டிருக்கவேண்டும், கண்ணாடி, விளக்கின் உயரம், சத்தம், பிறேக் எல்லாம் பார்ப்பார்கள். பாஸ் ஆனால் எண்தகடு வரும், ரோட்டில் சட்டப்படி ஓடும், ஓடியே தளத்துக்குப் போகலாம். இந்த ஒழுங்கான பாதை அங்கே இருப்பதுதான் லண்டன் வழியின் பெரிய பலம்.

அங்கே ட்ராக் டே, அதாவது கட்டணம் கட்டித் தளத்தில் ஓட்டுகிற நாள், போட்டி இல்லை. காலையில் விளக்கக் கூட்டம், சத்தம் அளப்பு, மெதுவாக இரண்டு மூன்று அறிமுகச் சுற்று, பிறகு நாள் முழுக்க ஓடலாம். முன்னால் போகிறவர் வழிவிட்ட பிறகுதான் முந்தவேண்டும், நேரம் அளக்க விடமாட்டார்கள். பிராண்ட்ஸ் ஹட்ச்சின் சின்னத் தளம் இரண்டு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு, லண்டனில் இருந்து கிட்ட. ஒரே காரை இரண்டு சாரதிகள் மாறி மாறி ஓட்ட மேலதிகக் கட்டணத்தோடு விடுவார்கள், அதனால் இங்கிருந்து போகிற தம்பிக்கும் இருக்கை உண்டு. கவனிக்கவேண்டியது காப்புறுதி: ரோட்டுக்கு எடுத்த காப்புறுதி அநேகமாகத் தளத்தில் செல்லாது, தனியாக எடுக்கவேண்டும், எடுக்காமல் மதிலில் அடித்தால் முழுச் செலவும் உங்கள் தலையில். வன்னியில் இருப்பவருக்கு இந்த வழியின் குறை ஒன்றுதான், ஆனால் பெரிய குறை. கார் அண்ணனுடையது ஆகிவிடும். காசில் பாதி நீங்கள் போட்டாலும், வீசா கிடைத்துப் போகிற வருடம் மட்டும் நீங்கள் சொந்தக்காரர். கட்டும் வேலையை வட்ஸப் வீடியோவில்தான் பார்ப்பீர்கள். ஓட்டுவதுதான் ஆசை, அதுவும் சரியான தளத்தில், சரியான காரில் என்றால் இதுதான் வழி. கட்டுவது ஆசை என்றால் இது ஆறாது.

மூன்றாவது வழிக்குத்தான் நான் நேரம் எடுக்கப்போகிறேன், ஏனென்றால் வன்னிக்குப் பொருந்துவது இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இங்கேயே கட்டுவது. இங்கிலாந்தில் தொண்ணூறுகளில் இருந்தே லோகொஸ்ட் என்று ஒரு வகை இருக்கிறது: ஒரு இஞ்சிச் சதுரக் குழாயில் செவன் மாதிரிச் சட்டகம் தாங்களே ஒட்டி, ஒரு பழைய காரைக் கழற்றி அதன் எஞ்சின், கியர் பொக்ஸ், பின் அச்சு, ஸ்ரியரிங் எல்லாவற்றையும் அதில் ஏற்றுவார்கள். அங்கே எஸ்கோர்ட்டையும் பிறகு மாஸ்டா எம்எக்ஸ்-5-ஐயும் கழற்றினார்கள். நமக்கு எவரி வான். பின்சில்லு இழுவை, நீளவாக்கில் படுத்த எஞ்சின், கொயில் ஸ்பிரிங்கில் நிற்கும் கட்டியான பின் அச்சு, எல்லாம் ஒரே வானில் கிடைக்கிறது, உதிரிப்பாகம் பரந்தனில் இல்லாவிட்டாலும் வவுனியாவில் இருக்கும். ரேர்போ உள்ளதும் மனுவல் கியர் உள்ளதுமாகத் தேடுங்கள், 64 குதிரைவலு. வீட்டில் கட்டிய கார் கேற்றர்ஹாம் அளவுக்கு மெலியாது, 500 கிலோ என்று வையுங்கள், அப்போதும் தொன்னுக்கு 128 வருகிறது. வாகன்ஆரின் இரண்டு மடங்குக்குக் கிட்ட.

நமது ஆட்களால் முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் இந்த மண்ணில் மோட்டார் சைக்கிளும் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலை விட்டுக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார்கள். கையில் ஒன்றும் இல்லாமல் எஞ்சினைப் புரிந்துகொண்ட அந்தத் தலைமுறை மெக்கானிக்குகள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். புதிய தலைமுறைக்குக் கிளிநொச்சி அறிவியல்நகரில் ஜேர்மன் ரெக் என்ற தொழிற்பயிற்சி நிறுவனம் இருக்கிறது, பக்கத்திலேயே யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம். கார்பரேற்றர் காதில் கேட்டுச் சரிசெய்யும் ஒரு ஐயாவையும் ஸ்கானர் பிடிக்கத் தெரிந்த ஒரு பொடியனையும் ஒரே கொட்டிலில் சேர்த்தால் அதைவிட நல்ல அணி கொழும்பிலும் கிடைக்காது.

இனி வேலை. குழாய் வாங்கும்போது கடைக்காரர் காட்டுகிற ஒரு இஞ்சி பொக்ஸ் பார் அநேகமாகப் படலைக்கும் கூரைக்கும் வந்தது. வேர்னியர் கொண்டுபோய்ச் சுவர்த் தடிப்பை அளந்துபாருங்கள்; 1.6 மில்லிமீற்றர் வேண்டும், மெல்லியது வேண்டாம். நாகம் பூசிய குழாய் என்றால் ஒட்டும் இடத்தில் பூச்சைக் கிறைண்டரால் முழுதாக எடுக்கவேண்டும், அந்தப் புகை காய்ச்சல் தரும், ஒட்டும் துளைவிட்டுப் போகும். கறுப்புக் குழாய் கிடைத்தால் அதுவே நல்லது. சாதாரண ரொட் வெல்டிங் இந்தத் தடிப்பில் ஓட்டை போட்டுவிடும், கம்பி தானாக ஓடி வரும் மிக் வெல்டிங் இயந்திரம் வேண்டும். சட்டகத்தில் கைவைக்க முன்னர் துண்டுக் குழாய் இரண்டை ரீ வடிவில் ஒட்டி, வைஸில் இறுக்கி, பெரிய சுத்தியலால் அடித்து முறியுங்கள். குழாய் கிழிந்து ஒட்டு நின்றால் தொடங்கலாம். ஒட்டு வாயைத் திறந்து, உள்ளே பளபளவென்று உருகாத விளிம்பு தெரிந்தால் அந்தக் கையோ அந்த அம்பியரோ இன்னும் தயார் இல்லை; தயாராகும்வரை துண்டுக் குழாயில்தான் பழகவேண்டும், ஏனென்றால் அந்த ஒட்டில்தான் ஒருவரின் முதுகு தங்கியிருக்கப்போகிறது. சட்டகத்தை மேசையில் புள்ளி ஒட்டு மட்டும் போட்டு நிறுத்தி, இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்து, வித்தியாசம் ஒன்றிரண்டு மில்லிமீற்றருக்குள் வந்த பிறகுதான் முழு ஒட்டு. கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் ரோல் பாரைப் பொக்ஸ் பாரில் செய்யவே கூடாது. அதற்குப் பொருத்தில்லாத உருட்டுக் குழாய், ரேஸ் ஏற்பாட்டாளரின் விதியில் உள்ள விட்டமும் தடிப்பும்.

எவரியில் எஞ்சின் இருக்கைக்கு அடியில் சரிந்து கிடக்கும். அதை நிமிர்த்தி வைக்க ஆசை வரும், வேண்டாம். எண்ணெய் உறிஞ்சும் குழாய் அந்தச் சரிவுக்கென்றே வைத்தது, அதே சரிவில் ஏற்றுங்கள். வயரிங்கை வெட்டாதீர்கள். வானில் இருந்து ஈசியூ என்ற எஞ்சின் கணினி, சாவி, மீற்றர் பலகை, முழு வயர்க் கட்டு எல்லாவற்றையும் ஒரு துண்டு வெட்டாமல் கழற்றி, எஞ்சின் ஓடிய பிறகு தேவையில்லாததை ஒவ்வொன்றாக எடுங்கள். பிறேக்கில் ஒரு விடயம் உயிர்ப் பிரச்சினை: வானின் முன்பின் சமநிலை வானின் பாரத்துக்குப் போட்டது, 500 கிலோவில் பின் சில்லு முதலில் உருளாமல் இறுகினால் கார் சுழன்றுவிடும், ஆகவே பின்பக்க அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு கட்டாயம். நம் வெயிலில் ரேடியேற்றருக்குக் கஞ்சத்தனம் பார்க்கவேண்டாம்.

பிறகு எனக்கு மிகவும் பிடித்த வேலை, நான்கு சில்லிலும் எடை பார்ப்பது. இங்கிலாந்தில் இதற்கென்று விலைகூடிய தராசுத் தொகுதி விற்கிறார்கள். நம்மிடம் நெல் வாங்குகிற முதலாளிகளின் மேடைத் தராசு இருக்கிறது, ஒவ்வொன்றும் 300 கிலோ தாங்கும், இந்தக் காரில் ஒரு சில்லில் அதில் ஏறக்குறையப் பாதிதான் வரும். நான்கு தராசை நிலத்தில் வைத்து, மேசன்மார் பிடிக்கிற தண்ணீர்க் குழாயால் நான்கின் மேல்தளத்தையும் ஒரே மட்டத்துக்குத் தகடு வைத்து உயர்த்தி, ஓட்டுகிற ஆளை இருக்கையில் இருத்தி எடையை எழுதுங்கள். முன் இடது, பின் வலது இரண்டையும் கூட்டுங்கள். மற்ற மூலைவிட்டத்தையும் கூட்டுங்கள். மொத்தம் 560 என்றால் இரண்டும் 280-க்குக் கிட்ட வரவேண்டும். 300-க்கு 260 என்று வந்தால் கார் ஒரு பக்கம் அழகாகத் திரும்பி மறுபக்கம் இழுபடும், பிறேக் பிடிக்கும்போது பாரம் குறைந்த முன் சில்லு முதலில் இறுகும். ஸ்பிரிங் உட்கார்கிற தட்டைத் திருகி, காரைக் குலுக்கி, மறுபடி பார்க்கவேண்டும். ஒரு பின்னேரம் போய்விடும். ஆனால் இதைச் செய்த காரையும் செய்யாத காரையும் ஓட்டினால் ஒரே கார் என்று நம்பமாட்டீர்கள்.

இந்த வழியின் குறை பதிவுப் பத்திரம். எவரியின் பதிவுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, அதன் எண்தகட்டைப் புதுச் சட்டகத்தில் பூட்டி ரோட்டில் ஓட்டலாம் என்று யோசிப்பவர்கள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். அது சட்டப்படி அந்த வாகனம் இல்லை, காப்புறுதி செல்லாது, யாராவது அடிபட்டால் வாழ்நாள் முழுக்கக் கோர்ட்டுக்கு அலையவேண்டும். இதைத் தளத்துக்கு மட்டுமான காராகக் கட்டுங்கள், இழுவைப் பெட்டியில் ஏற்றிக் கொண்டுபோங்கள். ரோட்டில் ஓடாதது ஒரு இழப்பு என்றும் நான் நினைக்கவில்லை. செவன் மாதிரிக் காரில் உங்கள் கண் பஸ்ஸின் சில்லு மட்டத்தில் இருக்கும். முல்லைத்தீவுப் பாதையில் ஒரு கரையில் நெல் காய்கிறது, மறுகரையில் மாடு படுத்திருக்கிறது, எதிரே லைற் இல்லாத லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் வருகிறது. அங்கே இந்தக் காருக்கு இடம் இல்லை.

நான்காவது வழி பழைய நிசான் மார்ச். கே10 வடிவம், 1000 சிசிக்குள், 700 கிலோவுக்குக் கீழே, புத்தகம் உண்டு, எண்தகடு உண்டு, இலங்கை ரேஸ்களில் அதற்கென்றே ஓட்டம் வைக்கிறார்கள். மினியும் அப்படியே. உள்ளே இருப்பதைக் கழற்றி, பாதுகாப்புக் கூண்டு அடித்து, நல்ல ரயர் போட்டால் அடுத்த பருவத்திலேயே நீங்கள் தொடக்கக் கோட்டில் நிற்கலாம். முன்சில்லு இழுவை, செவனின் சுவை வராது. ஆனால் ஓட்டம் பழக இதைவிட மலிவான வழி இந்த நாட்டில் இல்லை, பழகாதவருக்கு நான் முதலில் காட்டுகிற வழியும் இதுதான்.

எங்கே ஓட்டுவது என்பது எல்லா வழிக்கும் பொதுவான தலையிடி. வன்னியில் தளம் இல்லை. இரணைமடு ஓடுபாதை விமானப்படையின் கையில், குளக்கட்டு ஓட்டுகிற இடம் இல்லை. கிட்ட இருப்பது அநுராதபுரம் சாலியபுரவின் கஜபா சுப்பர்குரோஸ், ஆனால் அது கிரவல். நிலத்தோடு ஒட்டிய செவன் சட்டகத்தை அங்கே கொண்டுபோனால் எண்ணெய்த் தொட்டி உடையும், மார்ச் என்றால் போகலாம். தார்த் தளம் வேண்டுமென்றால் களுத்துறைக்குப் பக்கத்தில் கட்டுக்குருந்தை பழைய விமான ஓடுபாதை, மலையேற்றம் என்றால் நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை. இரண்டும் போட்டிகள். எங்கள் கார் எந்தப் பிரிவில் சேரும், சேருமா என்று கட்டத் தொடங்க முன்னரே ஏற்பாட்டாளரிடம் சட்டகப் படத்தோடு கேளுங்கள். இன்னொன்றும் இருக்கிறது: 2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவை பொக்ஸ் ஹில் ஓட்டத்தில் கார் ஒன்று தடம் விலகிப் பார்வையாளர்களுக்குள் போய் 7 பேர் இறந்தார்கள், அதில் எட்டு வயதுச் சிறுமியும் ஒருத்தி. பயிற்சி என்று சொல்லி வெறும் வயல் ரோட்டில் ஊரைக் கூட்டி ஓட்டிக்காட்டுகிற பழக்கத்தை நான் அறவே ஏற்கமாட்டேன். தடுப்பு இல்லாத இடத்தில் ஆட்கள் நின்றால் எஞ்சினைக் கிளப்பக்கூடாது.

ஆக, ஓட்டத்தான் ஆசை, லண்டனில் ஆள் உண்டு என்றால் காரை அங்கே வையுங்கள். ஓட்டத்தான் ஆசை, ஆள் இல்லை என்றால் மார்ச். கட்டுவதில்தான் உங்கள் மனம் என்றால் எவரி, அதுவும் மூன்று நான்கு பேர் பங்கு போட்டு. நானும் எவரிப் பக்கம்தான். இந்த முறை பெரும்போக அறுவடைக் காசு வந்ததும் வான் தேடுகிற வேலை, அதற்கு முன் ஏற்பாட்டாளரின் பதிலும் மிக் இயந்திரமும். வான் பார்க்கப் போகிறவர்களுக்கு: பொடி நொறுங்கியிருந்தால் பரவாயில்லை, அதை எறியத்தான் போகிறோம், அதைக் காட்டி விலையைக் குறையுங்கள், பின் அச்சில் சத்தம் இருக்கிறதா, ரேர்போவில் எண்ணெய் ஒழுகுகிறதா, வயர்க் கட்டில் யாராவது முன்னரே கைவைத்திருக்கிறார்களா என்ற மூன்றையும் மட்டும் படுத்துக் கிடந்து பாருங்கள்.